முப்பத்திரண்டு எம்பிக்குள் ஒரு கதவு

கணபதிப் பகுதியில் பாப்பாத்தியம்மன் வீதி முக்கில், கீழே மாவு மில்லும் ருக்மணியக்காவின் பேக்கரியும் நடுவில் தையல் வகுப்பும் இருக்கிற அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு காணாமல் போனது. முதலில் பார்த்தவர் ஷாகுல். டீ குடிக்க எழுந்து போனவர் போன வேகத்தில் திரும்பி வந்து, "சார், கதவு இல்லீங்க" என்றார். கம்பெனியை நடத்துகிற நஞ்சப்பன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "நல்லாப் பாருங்க தம்பி, வலது பக்கம் இருக்கும்" என்றார். "வலது பக்கம் காலண்டர் தொங்குதுங்க சார்." அதற்குப் பிறகுதான் ஏழு பேரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். சுவர் இருந்தது, சுவரில் சுண்ணாம்பு இருந்தது, காலண்டர் காத்தில் ஆடிக்கொண்டிருந்தது, வெளியே கழற்றிப் போட்ட செருப்புகள் எந்தப் பக்கம் போயின என்றே தெரியவில்லை. அந்த ஏழு பேரில் ஒருத்தியான சுகந்திக்கு முதலில் வந்த நினைப்பு, ஐந்தரைக்கு மகள் மித்ராவைப் பால்வாடியில் போய்க் கூப்பிட வேண்டுமே என்பதுதான்.

அந்த ஏழு பேர் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்பீர்கள், சொல்கிறேன். பஸ்ஸில் கண்டக்டர் கையில் டிக்கெட் அடிக்கிற மிஷின் இருக்கிறதல்லவா, அது கண் முழித்ததிலிருந்து தூங்கப் போகிற வரைக்கும் அதை நடத்துகிற சரக்கை, அதாவது சாப்ட்வேரைச் செய்தார்கள். அந்தச் சரக்கு ஒரே கட்டியாக இருக்காது. தேதி பார்க்க ஒரு பேக்கேஜ், பேப்பரில் அச்சடிக்க ஒன்று, டவரோடு பேச ஒன்று, சத்தம் போட ஒன்று என்று தொண்ணூற்றாறு பேக்கேஜ், எல்லாம் சேர்ந்து நாற்பத்தேழு எம்பி, அதாவது மெகாபைட். இப்போது வரப்போகிற புது மிஷின் சின்னது, அதன் வயிற்றில் முப்பத்திரண்டுக்கு மேல் இடமில்லை. ஆகவே எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு பண்ண வேண்டும். கேட்க என்னமோ சுலபமாகத்தான் இருக்கிறது. வீடு மாற்றுகிறபோது ஒரு வண்டிக்குள் சாமானை ஏற்றிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், அப்புறம் தெரியும்.

அதிலும் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. முன்னொரு காலத்தில் நஞ்சப்பனும் அவருடைய கூட்டாளியும் யாரைக் கேட்டு இதை எடுத்தாய் என்று சண்டை போட்டுப் பிரிந்து போனார்கள். அந்த வயிற்றெரிச்சலில் நஞ்சப்பன் போட்ட வழக்கம் அது. வெள்ளிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும், அவர் லிஸ்டை ஒவ்வொரு பெயராகப் படிப்பார், எடுத்துவிடலாம் என்கிறவர்கள் கையைத் தூக்க வேண்டும், ஏழு கையும் தூக்கினால் அந்த பேக்கேஜ் போகும், ஒரே ஒரு கை கீழே இருந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும், ஏன் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. பதினெட்டு வருஷமாக அந்த வழக்கத்தால் அங்கே ஒரு சண்டை வந்ததில்லை.

ஆனால் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தால் மற்ற ஆறு பேரின் பார்வையும் நம் கையிலேயே அல்லவா நிற்கும்? அந்தச் சங்கடத்துக்குப் பயந்து சுகந்தி ஒரு காரியம் செய்திருந்தாள். லிஸ்டைப் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கதவு காணாமல் போன அந்த வாரம் புதன்கிழமையே, யாருக்கும் சொல்லாமல், ஒரு வரியைச் சேர்த்துவிட்டாள். மிஷின் கண் முழிக்கும்போது சத்தம் வந்ததா என்று பார்க்க வேண்டும், வரவில்லை என்றால் முழிக்கவே கூடாது. அவ்வளவுதான் அந்த வரி. இப்படி முடிச்சுப் போட்டுவிட்டால், சத்தத்தை எடுத்தால் மிஷினே எழுந்திருக்காது என்று லிஸ்டே சொல்லும், அவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

அந்தச் சத்தம் வேறு யாருடையதும் இல்லை, அவளுடையதுதான். மித்ராவைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது சுகந்திக்குப் பாட்டு வராது, தாலாட்டு என்றால் ஓடியே போய்விடுவாள்; வாயை மூடிக்கொண்டு கீழே ஒன்று மேலே ஒன்றாக இரண்டே இரண்டு ஒலி, டுன்-டீன், டுன்-டீன் என்று முனகுவாள், குழந்தை தூங்கிவிடும். பிரசவ லீவு முடிந்து வந்த முதல் வாரத்தில் அதையே மிஷினுக்குப் போட்டாள். அன்றிலிருந்து ஊரில் ஓடுகிற பஸ்ஸில் எல்லாம் கண்டக்டர் மிஷினைத் தட்டினால் டுன்-டீன் என்னும், அப்பன் மடியில் உட்கார்ந்து போகிற மித்ரா, "அம்மா கூப்பிடுது" என்பாள். இரண்டு ஒலிக்குப் பின்னால் இருந்த சரக்கோ மூன்று எம்பி.

சரி, கதவுக்கு வருவோம். தீயணைப்பு வண்டி வந்தது, ஏணி போட்டார்கள். ஜன்னலின் கம்பிச் சட்டத்தைத் திறந்து ஏணியில் இறங்கியவர்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், கால் நோக இறங்கி, கடைசிப் படியில் காலை வைத்தால் அது அதே ஜன்னலின் விளிம்பாக இருந்தது. மூன்று தடவை இறங்கிப் பார்த்த பெனடிக்ட், ஏழு பேரில் ஒருவர், வயசு ஐம்பத்தாறு, "எனக்கு முட்டி போச்சுப்பா, நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். வெளியிலிருந்து படியேறி வந்தவர்களுக்கு முதல் மாடி தாண்டினால் மொட்டை மாடிதான் வந்தது. மறுநாள் கொத்தனார் வந்து வெளியே சாரம் கட்டிச் சுவரை இடித்தார். செங்கல்லுக்குப் பின்னால் செங்கல், அதற்குப் பின்னாலும் செங்கல். சாயங்காலம் வரை இடித்தவர், எடுத்ததையெல்லாம் திரும்ப அடுக்கிப் பூசிக் கொடுத்துவிட்டு, "இது கொத்து வேலை இல்லீங்க, வேற ஏதோ வேலை" என்று சொல்லிப் போனார்.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. இரண்டாவது வாரம் பக்கத்து வீதிக்காரர்கள் வந்தார்கள். மூன்றாவது வாரம், பால் பாக்கெட் எத்தனை மணிக்கு, குப்பையை எந்தக் கிழமை என்பதுதான் பேச்சாக இருந்தது. மாவு மில்காரர் ஒரு கப்பியும் கயிறும் கொடுத்தார், ருக்மணியக்கா கூடை கொடுத்தாள். காலையில் இட்லி மேலே போகும், பாத்திரம் கீழே வரும், மத்தியானம் அவரவர் வீட்டுச் சாப்பாடு தூக்குப் போசியில் போகும், மூன்றரைக்குத் தேங்காய் பன்னும் டீயும். தபால்காரர் கூடையில் கடிதத்தைப் போட்டுக் கையெழுத்தைக் கூடையிலேயே வாங்கினார். மேலிருந்து அழுக்குத் துணி இறங்கியது, வெளுத்த துணி ஏறியது. கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்கு ஜன்னல் ஸ்டாப் என்று பெயர் வைத்துவிட்டார்கள், "ஜன்னல் எல்லாம் இறங்கு" என்று விசில் அடித்தார்கள். பெனடிக்டின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வீதியிலேயே ஷாமியானா போட்டு நடந்தது. அவர் மேலிருந்து பூவைத் தூவினார், மைக்கில் ஜெபம் சொன்னார், அழுதார், சம்பந்தி வீட்டார் கீழிருந்து கும்பிட்டார்கள், சாப்பாடு கூடையில் போனது.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஏழு வீட்டு ஜனமும் வீதியில் வந்து நிற்கும். எல்லோரும் சேர்ந்து கத்தினால் ஒன்றும் கேட்கவில்லை என்று, ருக்மணியக்காவே முறை வைத்தாள். "ஆளுக்குப் பத்து நிமிசம். லோகநாதன் தம்பி, உங்களுக்கு ஆறே கால். ஷாகுல் வீட்டம்மா, நீங்க முதல்ல பேசுங்க, உங்களுக்கு நோன்பு திறக்கோணும்." அவள் சொல்லை யாரும் தட்ட மாட்டார்கள்.

லோகநாதன் சுகந்தியின் வீட்டுக்காரன். மோட்டார் பம்பு செய்கிற பட்டறையில் லேத்து ஓட்டுகிறவன், அதிகம் பேசாத ஆள். கிரீஸ் கையோடு சைக்கிளில் மித்ராவை முன்னால் உட்காரவைத்துக் கூட்டி வருவான். முதல் நாட்களில் மித்ரா கையை மேலே நீட்டிக்கொண்டு அழுத அழுகை வீதியையே கலக்கியது. "அம்மா, கூடையில இறங்கி வா! கூடையில வா!" என்று கத்தினாள். சுகந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வந்துடறேன் கண்ணு, நாளைக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். பிறகு அழுகை வாரத்துக்கு இரண்டு நாள் ஆனது, பிறகு நின்றே போனது. அது நின்ற அன்றைக்குத்தான் சுகந்திக்கு நிஜமாகவே பயம் வந்தது.

கதவுக்கும் லிஸ்டுக்கும் சம்பந்தம் இருப்பது அதற்குள் ஏழு பேருக்கும் தெரிந்திருந்தது. நாற்பத்தேழு நாற்பத்தி நாலான வெள்ளிக்கிழமை சுவரில் நிலைச்சட்டம் அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. நாற்பத்தொன்று ஆனபோது கோட்டுக்குள் ஒரு தாழ்ப்பாள் வந்தது, வெறும் சுவரில் தாழ்ப்பாள் மட்டும். முப்பத்தேழு ஆனபோது கீழே ஒரு விரற்கடை சந்து திறந்து, அதன் வழியாகத் தையல் வகுப்பு மிஷின்களின் கடகட சத்தம் கேட்டது, ஏழு பேருடைய செருப்புகளின் வார்களும் தெரிந்தன. ஷாகுல் குப்புறப் படுத்து விரலை விட்டு ஒரு செருப்பைத் தொட்டே பார்த்துவிட்டார். அதோடு நின்றது. முப்பத்தேழுக்குக் கீழே ஒரு வெள்ளிக்கிழமையும் போகவில்லை. மிச்சம் இருந்ததெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. இதை எடுத்தால் அது விழும், அதை எடுத்தால் மிஷின் எழாது என்றே லிஸ்ட் திரும்பத் திரும்பச் சொன்னது. நஞ்சப்பன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "இவ்வளவு முடிச்சு முன்னால இருந்துதுங்களா? எனக்கு வயசாயிருச்சு போல" என்பார். சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது இன்னும் இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அவள் அந்த ஒரு வரியை அழித்திருக்கலாமே என்று உங்களுக்குக் கோபம் வரலாம். அவளுக்கே அவள் மேல் கோபம்தான். விரல் எத்தனையோ தடவை அந்த வரி வரைக்கும் போனது. ஆனால் ஜன்னல் ஸ்டாப்பில் பஸ் நிற்கும், டுன்-டீன் என்று கேட்கும், மித்ரா எந்த பஸ்ஸிலோ எந்த ஸீட்டிலோ உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைப்பு ஓடும். இந்த நாலு சுவரைத் தாண்டி வெளியே போகிறது அவளுடையதில் அது ஒன்றுதான். வரியை அழித்து, சத்தமில்லாத புது மிஷின் வந்தால் அதுவும் நின்றுவிடும். கதவு வருமென்று யார் கண்டார்கள்? சத்தத்தையும் கொடுத்துவிட்டுக் கதவும் வராமல் போனால்? அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டே பதினாலு மாசம் ஓட்டிவிட்டாள் பாவி மகள்.

பதினைந்தாவது மாசம் ஒரு வியாழக்கிழமை ஆறே காலுக்கு மித்ரா ஒரு படம் கொண்டு வந்தாள். இப்போது ஒன்றாம் வகுப்பு, சடை தோளைத் தொட்டது. "அம்மா, எங்க மிஸ் என்னோட குடும்பத்தை வரையச் சொன்னாங்க, ஸ்டார் குடுத்தாங்க" என்று கூடையில் போட்டாள். சுகந்தி கயிற்றை இழுத்துப் படத்தை எடுத்துப் பார்த்தாள். சைக்கிள், அப்பா, மித்ரா, ஒரு நாய்க்குட்டி. மேலே ஒரு மூலையில் ஒரு சதுரம், சதுரத்துக்குள் கம்பி, கம்பிக்குப் பின்னால் மார்பு வரைக்கும் சுகந்தி, ரெண்டு கை, சிரிப்பு. சதுரத்துக்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள்.

"அம்மாவுக்குக் கால் வரைய மறந்துட்டியா கண்ணு?"

மித்ரா அண்ணாந்து பார்த்தாள். "உனக்குத்தான் கால் இல்லையேம்மா."

கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. நாய்க்கு வால் உண்டு என்கிற மாதிரி சொன்னாள். லோகநாதன் பதறிப்போய், "அப்படிச் சொல்லக் கூடாது சாமி, அம்மா நம்ம வீட்ல நடந்துட்டுத்தானே இருந்தா" என்றான். "எப்ப?" என்றாள் மித்ரா. அவன் மேலே பார்த்தான். சுகந்தி ஏதோ சொல்லிச் சமாளித்தாள், என்ன சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை. உள்ளே வந்து தன் காலைக் குனிந்து பார்த்தாள். பதினாலு மாசமாக மண்ணை மிதிக்காத கால், வெளுத்துப் போய் இருந்தது.

மறுநாள் மூன்று மணி. வட்டமாக உட்கார்ந்தார்கள், நஞ்சப்பன் லிஸ்டைப் பிரித்தார். முதல் பெயரைப் படிப்பதற்குள் சுகந்தி கையைத் தூக்கிவிட்டாள்.

"இன்னும் படிக்கவே இல்லையே அம்மிணி."

"சத்தத்தை எடுத்துருங்க சார்."

"எடுத்தா மிஷின் முழிக்காதேம்மா."

"முழிக்கும் சார். அந்த முடிச்சைப் போட்டது நான்தான். லிஸ்ட் படிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போட்டேன். மிஷினுக்கு அது வேண்டாம். எனக்குத்தான் வேணும்." "உங்க எல்லாரையும் உள்ள வச்சுப் பூட்டினது நான்தான் சார். என்னை என்ன வேணா சொல்லுங்க."

ஒவ்வொரு கையாக மேலே போனது, ஏழாவதாகப் பெனடிக்டின் கை போனது, ஆனால் அது போன வேகத்தில் கீழே இறங்கி அவர் முகத்தை மூடிக்கொண்டது. "அம்மா சுகந்தி, நீ மட்டும் இல்லடா" என்றார். மிஷினோடு போகிற விளக்கப் பக்கங்களை ஒன்பது வருஷமாக அவர்தான் எழுதினார். யாரும் படிப்பதில்லை என்று அவருக்கும் தெரியும். என்றாவது ஒருநாள் மலை மேல் பஸ் நின்று போய், மிஷினும் மக்கர் பண்ணி, ஒரு கண்டக்டர் திறந்து பார்த்தால் என்று நினைத்து, அந்தப் பக்கங்களை அச்சடிக்கிற பேக்கேஜோடு அவரும் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். அதே புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில்.

"நான் சாப்பிட்டு முடிச்சப்புறம் போட்டேங்க" என்றார் ஷாகுல், மெல்ல. அவர் காலேஜ் முடித்து வந்து முதன்முதலாக எழுதினது, மிஷினுக்குள்ளேயே எழுத்தைத் திருத்துகிற ஒரு சின்ன எடிட்டர். டிக்கெட் அடிக்கிற மிஷினுக்கு அது எதற்கு? தெரியும், தெரிந்தும்தான் போட்டார்.

நஞ்சப்பன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தார்கள். "ஏன்னு கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கோணும்" என்று சொல்லிவிட்டு லிஸ்டை மேஜையில் வைத்தார். முடிச்சுகளை அவரவரே அவிழ்த்தார்கள். சத்தம் போனது, முப்பத்திநாலு. விளக்கப் பக்கங்கள் போயின, முப்பத்திமூன்று. எடிட்டர் போனது, முப்பத்தொன்று. காலண்டர் தரையில் விழுந்தது. அதற்குப் பின்னால் கதவு இருந்தது, பழைய பச்சைக் கதவுதான், கைப்பிடிக்குப் பக்கத்தில் பெயிண்ட் உரிந்தது உரிந்தபடி.

இறங்கி வந்தவர்களை வீதி எப்படிப் பார்த்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாவு மில்காரர் மில்லை நிறுத்தினார். தையல் வகுப்புப் பெண்கள் குலவை போட்டார்கள். ருக்மணியக்கா பன்னைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தவள் கூடையோடு வந்து, பழக்கத்தில் ஒரு தடவை மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் எதிரே நிற்கிற ஆட்களைப் பார்த்து, "அடப்பாவிகளா, நீங்க இவ்வளவு உசரமா?" என்று அழ ஆரம்பித்தாள். ஐந்தரை ஆனது, வீட்டு ஜனம் வந்தது, வீதி கொள்ளவில்லை.

லோகநாதனின் சைக்கிள் ஆறு மணிக்கு வந்தது. சுகந்தியைப் பார்த்ததும் அவன் பிரேக் பிடிக்க மறந்து பேக்கரி படியில் மோதித்தான் நின்றான். கால் ஊன்றினவன் அப்படியே நின்றான். "வந்துட்டியா" என்றான். சுகந்தி ஓடி வந்து மண்டி போட்டு மித்ராவின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

மித்ரா விலகி அப்பன் காலுக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து அந்தப் பொம்பளையை ஒரு தடவை பார்த்தாள், பிறகு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் காலியாக இருந்தது. உதடு பிதுங்கியது. "அப்பா, அம்மாவைக் காணோம்ப்பா!"

"இதுதான் அம்மா கண்ணு, பாரு."

"இல்ல! அம்மா அங்க! அம்மாவைக் காணோம்!" பதினாலு மாசத்துக்கு முந்தி அழுத அதே அழுகை, வீதியைக் கலக்குகிற அழுகை, இப்போது காலியான ஜன்னலைப் பார்த்துக் கிளம்பியது. குலவை நின்றது. கூடி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுகந்திக்கு நெஞ்சு அறுந்து போனது. ஆனாலும் வேலை தெரிந்தவள் அல்லவா, பதினோரு வருஷமாகச் செய்த வேலை அவளைக் கைவிடவில்லை. ஒன்றை எடுப்பதற்கு முன்னால் அதன் மேல் யார் சாய்ந்து நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவள் பார்க்காமல் ஜன்னலைக் காலி பண்ணிவிட்டாள். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போனாள்.

நஞ்சப்பன் பதறினார். "எங்கம்மா போறே? போகாதே! மறுபடி மூடிக்கிட்டா என்ன பண்றது?"

"மூடிக்கிட்டா கூடையில இட்லி அனுப்புங்க சார்" என்றாள், திரும்பாமல்.

இரண்டு மாடி ஏறினாள். பச்சைக் கதவைத் தாண்டி உள்ளே போனபோது பின்னால் அது சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள். கீழே மித்ராவின் அழுகை சட்டென்று நின்றது, சிரிப்பு வந்தது, கை ஆடியது. "அம்மா! எங்க போயிட்ட?"

"இங்கதான் இருக்கேன் கண்ணு. இப்ப அம்மா இறங்கி வரப் போறேன், பாத்துட்டே இருக்கியா?"

"நீ எப்படி வருவ?"

"நீ பாத்துட்டே இரு. நான் தெரியலைன்னா பயப்படாதே, காதைக் குடுத்துக் கேளு."

வாயை மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தாள். டுன்-டீன். பதினாலு மாசம் மிஷின் சொல்லிக் கேட்டதைத் தன் தொண்டையால் சொன்னபோது கொஞ்சம் பிசிறடித்தது. முனகிக்கொண்டே கதவுக்கு வந்து கைப்பிடியை இழுத்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை இழுத்தாள், திறந்தது. டுன்-டீன். படி திரும்புகிற இடத்தில் காத்துக்கு வைத்த ஓட்டைக் கல்லுக்குப் பின்னால் முகத்தை வைத்தாள். வீதியில் ஒரு சின்னத் தலை ஜன்னலிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி அவளைக் கண்டுபிடித்தது. "அங்க இருக்கா!" டுன்-டீன். தையல் வகுப்பு வாசல், அடுத்த திருப்பம், அடுத்த ஓட்டைக் கல். தலை இன்னும் இறங்கியது. அதற்குக் கீழே மாவு மில் சுவர், ஓட்டை கிடையாது. பதினொரு படி, இருட்டு. அங்கே இரண்டு படி இறங்கியதும் சுகந்திக்குக் காலே எழவில்லை. இந்தப் படியும் அந்த ஏணி மாதிரி திரும்பத் திரும்ப மேலேயே கொண்டு போய்விட்டால் என்கிற திகில் வந்து, குரல் நின்றது.

பிறகு வாசல் பக்கமிருந்து, மெல்லிசாக, கீழே ஒன்று மேலே ஒன்றாக, டுன்-டீன் என்று கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தாள். அடுத்த காலை வைத்தாள்.

படிக்கட்டின் அடியில் அண்ணாந்து நின்றிருந்த மித்ராவுக்கு இருட்டிலிருந்து முதலில் தெரிந்தது மெட்டி போட்ட ஒரு பாதம். பிறகு இன்னொன்று. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், பிறகு வீதியே கேட்கிற மாதிரி திரும்பிக் கத்தினாள்.

"அப்பா, ஓடி வா! அம்மாவுக்குக் கால் இருக்குப்பா!"